வினிகரில் ஊறிய கோழி எலும்பு

கோழிக் காலின் எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது சிசுவோட கை எலும்பு" என்று ஒரு மனிதர் எங்கள் வீட்டு ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொன்னார். என் வீட்டுப் பெரியவர்கள் சுற்றி நின்று தலையாட்டினார்கள். அத்தனை பேரும் கோழி தின்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே எலும்பைக் கடித்து, உறிஞ்சி, தட்டு ஓரத்தில் குவித்து வைக்கிறவர்கள்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அறிவியல் பாடத்தில் மனித எலும்பு மண்டலம் வந்தது. எங்கள் டீச்சர் படத்தைக் காட்டிப் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லும் ரகம் இல்லை. எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, அவரவர் உடம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தலையில் தட்டிப் பாருங்கள், அது மண்டை ஓடு, உள்ளே மூளை பத்திரமாக இருக்கிறது. நெஞ்சின் இரண்டு பக்கமும் விரலால் அமுக்குங்கள், அவை விலா எலும்புகள், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதுதான் கூண்டு. முதுகின் நடுவில் மேலிருந்து கீழே தடவினால் சின்னச் சின்ன முண்டுகள் தட்டுப்படும். முதுகெலும்பு ஒரே கம்பாக இருந்தால் குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாது, அதனால்தான் அது துண்டு துண்டாக இருக்கிறது. முழங்கால் மூட்டு கதவுக் கீல் மாதிரி ஒரு பக்கம்தான் மடங்கும். தோள் மூட்டு கிண்ணத்துக்குள் உருளும் பந்து, எல்லாப் பக்கமும் சுழலும். எலும்பு மட்டும் இல்லையென்றால் நீங்களெல்லாம் தரையில் கொட்டிய கஞ்சிதான் என்றார். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய முந்நூறு எலும்புகள் இருக்குமாம். வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, பெரியவர்களுக்கு இருநூற்றாறுதான் மிஞ்சுமாம். எலும்பு செத்த பொருள் இல்லை, அதற்குள்ளும் ரத்தம் ஓடுகிறது, அதன் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறக்கின்றன, உடைந்தால் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் வீட்டில் வந்து மூச்சு வாங்கச் சொன்னேன். அப்பா டிவியைப் பார்த்தபடி 'ம்' என்றார். அம்மா முதலில் பள்ளிச் சட்டையைக் கழற்று என்றார். உட்கார்ந்து கேட்டது சித்தி மட்டும்தான்.

சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். சித்தி எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். காலையில் பேக்டரி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலை ஆறரைக்கு இறக்கிவிடும். வந்து குளித்துவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, "அப்ப காதுக்குள்ள இருக்கிறதுதான் ஆகச் சின்ன எலும்பா? எவ்ளோ இருக்கும், அரிசி அளவா?" என்று கேட்பார். அப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு குசினியில் அடுப்பு ஓரமாகவே குடியிருந்தேன்.

கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் சித்திக்குக் குழந்தை இல்லை. அதை வீட்டில் யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது என் அத்தையின் பொறுப்பு. அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. பெட்டாலிங் ஜெயாவில் இருந்தார். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, எங்கள் வீட்டில் மாமியார் இல்லாத குறையை அத்தை தீர்த்துவைத்தார். சோற்றில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும், கொடியில் துணி காயாவிட்டாலும், பேச்சு சுற்றிச் சுற்றி வந்து பிள்ளையில்தான் முடியும். "என் தம்பி பேர் சொல்ல ஒண்ணு வேணாமா?" என்பார். சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

பள்ளியில் அறிவியல் வாரம் வந்தது. ஆளுக்கு ஒரு சோதனை செய்து, கண்காட்சியில் நின்று விளக்க வேண்டும். நான் எலும்பை எடுத்துக்கொண்டேன். சோதனை ரொம்பச் சுலபம். ஒரே அளவான இரண்டு கோழிக் கால் எலும்புகள் வேண்டும். ஒன்றை வெறும் தண்ணீரில் போட வேண்டும், இன்னொன்றை வினிகரில். எலும்பைக் கல் மாதிரிக் கெட்டியாக வைத்திருப்பது அதிலிருக்கும் கால்சியம் உப்பு. நார் மாதிரி இழுத்துப் பிடித்து வைத்திருப்பது ஒரு புரதம். நார் இல்லையென்றால் எலும்பு, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி போல ஒடியும். கால்சியம் இல்லையென்றால் ரப்பர் போல வளையும். வினிகரின் புளிப்பு கால்சியத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் விரலாலேயே வளைக்கலாம். பால் குடி, பால் குடி என்று பெரியவர்கள் ஏன் உயிரை வாங்குகிறார்கள் என்பதை ஒரு போத்தலில் காட்டிவிடலாம்.

அம்மா கடையில் வினிகர் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் கறியிலிருந்து சித்தி இரண்டு எலும்புகளைத் தேடி எடுத்து, ஒட்டியிருந்த சதையைக் கத்தியால் சுரண்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடுத்தார். காலியான காப்பித்தூள் போத்தல் இரண்டும் அவருடையதுதான். வெளியே எடுத்துப் பார்க்கும்போது எலும்பு மாறிவிடக் கூடாது என்று வினிகர் எலும்பில் மட்டும் நூல் சுற்றினேன். சிவப்பு நூல். தையல் டப்பாவில் அதுதான் மேலே இருந்தது. பச்சை நூல் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். என் தம்பிக்கு அப்போது மூன்று வயது, கைக்கு எட்டுவதையெல்லாம் தட்டிவிடுவான். "என் கட்டுலுக்கு அடியில வச்சுக்க பாப்பா, அங்க அவன் வரமாட்டான்" என்று சித்தி சொன்னார்.

மூன்று நாளுக்கு ஒரு தரம் வினிகரை மாற்றினோம். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்போம். எலும்பைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாள், நேரம், குமிழ் கூடியதா குறைந்ததா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் எலும்பின் நுனி லேசாக வளைந்தது. "பாப்பா, நீ டாக்டராயிருவ லா" என்று சித்தி என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

பதினான்காம் நாள் ஞாயிறு. தீபாவளிக்கு வீடு கழுவித் துடைக்கிற நாள். சித்திக்கு அன்றைக்குப் பாதிநாள் ஓவர்டைம். நான் டியூஷனுக்குப் போய்விட்டேன். ஒத்தாசைக்கு வந்த அத்தை, ஆள் இல்லாத அறைக்குள் நுழைந்து கட்டிலை இழுத்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது ஹாலின் நடுவில் பழைய பேப்பரை விரித்து என் இரண்டு போத்தல்களையும் வைத்திருந்தார்கள். நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம். பாவம், வெறும் தண்ணீர்ப் போத்தலுக்கும் சேர்த்துத்தான். அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் சுவரோரமாக நின்றார்கள். அத்தை அதற்குள் படம் எடுத்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டுவிட்டிருந்தார். கூடவே குரல் பதிவு ஒன்று. "தம்பி கட்டுலுக்கு அடியில என்னா இருந்துச்சு பாருங்க. எலும்பு. செவப்பு நூல் சுத்தியிருக்கு. இத்தன நாளா அவனுக்கு ஏன் ஒரு விருத்தியும் இல்லன்னு இப்ப விளங்குதா." சொந்தக்காரர்கள் வரிசையாகக் கும்பிடும் கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்னோடது" என்றேன்.

"நீ உள்ள போ" என்றார் அத்தை.

"ஸ்கூல் புரோஜெக்ட் அத்த. கோழி எலும்பு. ரெண்டு வாரத்துக்கு முந்தி நம்ம சாப்டமே, அந்தக் கோழி."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கால்சியம் என்றால் என்ன, வினிகர் ஏன், நூல் ஏன், கட்டில் ஏன். நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினேன், பதினான்கு நாளும் தேதி போட்டு எழுதியிருந்தேன். அத்தை அதைக் கையில்கூட வாங்கவில்லை. "சின்னப் புள்ளய முன்னுக்கு விட்டு செஞ்சிருக்கா பாத்தியா" என்று அப்பாவிடம் சொன்னார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதுகிறவனின் மூச்சாவது தெரியும். இவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

சரி, சொன்னால் விளங்கவில்லை, செய்து காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. டீச்சரும் அப்படித்தான் சொல்வார். எலுமிச்சம்பழங்களைத் தாண்டிப் போய், போத்தலைத் திறந்து, வினிகர் எலும்பை வெளியே எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். அது வில் மாதிரி வளைந்தது. ஒடியவில்லை. விட்டதும் மறுபடி நிமிர்ந்தது. என் சோதனை முழு வெற்றி.

அத்தை இரண்டடி பின்னால் போனார். "பாத்தியா தம்பி. எலும்பையே வளைய வச்சிருக்கா. நம்ம சின்னவன் மனச வளைக்க எவ்ளோ நேரம் ஆகும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, நீங்கதானே வினிகர் வாங்கிக் குடுத்தீங்க? சொல்லுங்கம்மா."

"நா ஊறுகாய்க்குன்னு வாங்குனேன்" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்டதே கிடையாது. கடையில்தான் வாங்குவோம். அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, எந்தக் கடை, என்ன கிழமை, வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தது எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அப்பாவிடம் டீச்சரின் நம்பர் இருந்தது. "டீச்சருக்கு போன் பண்ணிக் கேளுங்கப்பா" என்று கெஞ்சினேன். "ஞாயித்துக்கெழமயில அவங்கள தொந்தரவு பண்ணக் கூடாது" என்று சொல்லிக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு போன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவு பெரிய பழியைப் போடலாம், டீச்சரின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கக் கூடாது. என்ன மரியாதை, என்ன பண்பு.

இரண்டு மணிவாக்கில் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து அந்த மனிதர் வந்தார். இந்த மாதிரிக் காரியங்களைப் பார்த்துச் சொல்கிறவர். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் இரண்டு கைப்பேசி. எலும்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கண்ணை மூடி, முன்பே சொன்னேனே, அந்தச் சிசு எலும்புக் கதையைச் சொன்னார்.

அதுவரைக்கும் என் கவலையெல்லாம் சித்தி திட்டு வாங்குவார் என்பதுதான். அந்த நிமிடம் எனக்குப் பாடத்தையே அவமானப்படுத்திவிட்டது போல இருந்தது. "எந்தக் கை எலும்பு அங்கிள்?" என்று கேட்டேன். "மேல்கையில ஒண்ணு இருக்கு. முன்கையில ரெண்டு. மணிக்கட்டுலேருந்து விரல் நுனி வரைக்கும் இருபத்தேழு. நீங்க எத சொல்றீங்க?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாப்பா ரொம்பப் பேசுது. அது மேலயும் ஏறியிருக்கு" என்று சொல்லி என் நெற்றியில் அழுத்தி விபூதி பூசினார். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சித்தி வேலை முடிந்து வந்தார். வாசலில் காலணியைக் கழற்றும்போதே போத்தல்களையும் எலுமிச்சம்பழங்களையும் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயோ அண்ணி, அது பாப்பா புரோஜெக்ட் லா" என்றார் அத்தையைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்பாவை, அத்தையை, குசினி வாசலில் வந்து நின்ற அம்மாவை. அதற்குப் பிறகு அவர் கோழி எலும்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடலில் விட வேண்டும் என்று அந்த மனிதர் இரண்டு போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போனார். என் தண்ணீர்ப் போத்தலும் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். நான் நோட்டையும் அறிவியல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு காலையிலிருந்து கேட்டில் காத்திருந்தேன். சித்தப்பா படித்தவர், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், அவருக்கு விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. "அப்புறம் பாக்கலாம்" என்று என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அந்த அப்புறம் வரவே இல்லை. ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள், ஆனாலும் எல்லாம் கேட்டது.

"நீங்க சொல்லுங்க. நா இப்படி செய்வேன்னு நீங்க நம்புறீங்களா?" என்று சித்தி கேட்டார். அவர் குரல் அப்படிக் கெட்டியாக இருந்து நான் கேட்டதில்லை.

சித்தப்பாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க" என்றார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சித்தியின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்குள் காலை வைக்காமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். சித்தி துணிமணிகளை இரண்டு பைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே, "நா இன்னொரு தடவ சொல்றேன் சித்தி, இன்னும் தெளிவா சொல்றேன்" என்றேன்.

"நீ நல்லாத்தான் சொன்ன பாப்பா" என்றார் சித்தி. "இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. போ, போய் மொகம் கழுவு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நன்றாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும் அல்லவா? டீச்சரிடம் போத்தல் உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் பள்ளி அறிவியல் அறையிலேயே வேறு இரண்டு எலும்புகளை ஊறவைத்துக் கொடுத்தார். கண்காட்சியும் நல்லவேளையாகத் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரமும் நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும், எண்பது வயதுக்காரருக்கும் விளங்க வேண்டும். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் முதல் பரிசு வாங்குவேன், சான்றிதழில் பள்ளி முத்திரை இருக்கும், வீட்டில் அதைப் படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள், உடனே பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போடுவார்கள்.

முதல் பரிசு கிடைத்தது. அப்பா "கெட்டிக்காரி" என்று சொல்லிச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து பார்த்தார். ஒரு கையில் வினிகர் போத்தலும் இன்னொரு கையில் வளைந்த எலும்புமாக நான் நிற்கும் படத்தை அப்பாவிடமிருந்து வாங்கி, அதே வாட்சப் குழுவில் போட்டார். 'எங்கள் குடும்பத்து விஞ்ஞானி' என்று எழுதியிருந்தார். கும்பிட்ட அதே சொந்தக்காரர்கள் இப்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போடவில்லை. நான் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. இன்றுவரை குழந்தை இல்லை. சித்திக்கு வேறு இடத்தில் வாழ்க்கை அமைந்து, இரண்டு பிள்ளைகள். அந்தத் தீபாவளிக்கு முன்பே சித்தி ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொண்டாராம், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், சித்தப்பாவை வரச் சொன்னதற்கு அவர் போகவே இல்லையாம். இதெல்லாம் பல வருடம் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக என் காதில் விழுந்தது. மலடி என்று சொல்லி அனுப்ப முடியாமல் போயிருக்கிறது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் எனக்குத் தம்பி முறையான ஒருவனுக்கு நிச்சயதார்த்தம். நான் இப்போது டியூஷன் நடத்துகிறேன், அறிவியல்தான். அத்தை என்னைப் பெண் வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். "சின்னதுல எலும்ப ஊறப் போட்டு எங்கள என்னா பாடு படுத்துனா தெரியுமா" என்று சொல்லிச் சிரித்தார்.

"நீங்கதானே அத்த அத சூனியம்னு சொன்னீங்க?" என்றேன்.

"அடி போடி" என்றார் அத்தை. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சமாக இறக்கினார், ரொம்ப இறக்கவில்லை. "நாப்பது வருஷமா கோழி ஆக்குறேன், கோழி எலும்பு எனக்குத் தெரியாதா? அவள வேற எப்படி அனுப்புறது. சும்மா அனுப்புனா நாலு பேர் நம்மள கேப்பாங்க லா. நீ சாப்டியா?"

என் தட்டில் அவரே ஒரு வடையை எடுத்து வைத்தார். அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

இத்தனை வருடமும் நான் என்னைத்தான் நொந்துகொண்டிருந்தேன். கால்சியத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, எலும்பை வளைத்துக் காட்டியது தப்போ, சின்னப் பிள்ளை மாதிரி அழாமல் பேசியிருக்க வேண்டுமோ என்று. எனக்கு விளக்கத் தெரியாததால்தான் சித்தி போனார் என்றே வளர்ந்தேன். மனித உடம்பின் இருநூற்றாறு எலும்புகளைப் பற்றி அறிந்துவைத்திருந்த அந்தப் பிள்ளைக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை. நான் முதல் தடவை சொன்னபோதே, அந்த ஹாலில் நின்ற எல்லோருக்கும் நன்றாக விளங்கிவிட்டது.